எந்த நான்?

பெட்டி 41
நவம்பர் 4

மதிப்பிற்குரிய கொக்கி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ‘ஏழாம் கதவு’ இணைய விளையாட்டில் நம் இருவருக்கும் ஒரே கடிதப் பெட்டி விழுந்திருக்கிறது. நேற்று உங்கள் குரல் பதிவைக் கேட்டேன். பாவம், கடுமையான சளி போலிருக்கிறது. இந்த வயதிலும் புதிர் போட வந்திருக்கிறீர்களே என்று ஆச்சரியப்பட்டேன். தவறாக நினைக்காதீர்கள், சந்தோஷ ஆச்சரியம்தான்.

விதிகளைப் படித்திருப்பீர்கள். இருந்தாலும் எனக்குப் புரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கதவுக்கும் படம் உங்களுக்கு வரும், சொற்கள் எனக்கு வரும். ஒருவர் பாதியை மற்றவர் பார்க்க முடியாது, எழுதித்தான் காட்ட வேண்டும். ஆளுக்கு நாளைக்கு ஒரு கடிதம். பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதினால் பெட்டி பூட்டிக்கொள்ளும். கடைசிக் கதவில் ‘காவலன்’ என்றொரு நிரல் இருக்கிறது. அது நம் குரல்களை முதல் நாள் பதிவோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போனால்தான் திறக்கும்.

என் புனைபெயர் குடை. பெயர் கேட்டபோது எதிரே ஆணியில் தொங்கியது அதுதான்.

முதல் கதவுக்கு எனக்கு வந்த சொற்கள்: “இரண்டாவது ஆளை நம்பாதே, நேரத்தைச் சொல்.” உங்கள் படத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடை


நவம்பர் 5

அன்பு மகள் குடைக்கு,

ஆசீர்வாதம். மூக்குக் கண்ணாடியை வீடெல்லாம் தேடி, கடைசியில் அது மூக்கிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, அப்புறம்தான் உன் கடிதத்தை வாசித்தேன். சளியா என்று கேட்கிறாய். சளி என் பால்ய சிநேகிதன். மூட்டுவலி அவனுடைய தம்பி. இருமல் மட்டும் விருந்தாளி, ஆனால் போக மாட்டேன் என்கிறான்.

படத்தில் நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். இரண்டாவது ஆள் தன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மணி ஐந்து. ஆனால் நாலு பேருக்கும் நிழல் காலடியிலேயே ஒட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நிழல் இப்படியா சுருண்டு படுக்கும்? உச்சி வெயில் மகளே. பன்னிரண்டு என்று போட்டுப் பார்.

என் காலத்தில் கதவுக்குப் பூட்டே கிடையாது. சில வீட்டில் கதவே கிடையாது.

தள்ளாடியபடி,
கொக்கி


மார்ச் 19

கொக்கிக்கு,

உன் நேற்றைய கடிதத்தின் கடைசி வரி: “நாளைக்குக் கணக்குப் பரீட்சை, அதனால் லீவு.”

எழுபத்து நாலு வயதில் என்ன கணக்குப் பரீட்சை, ஐயா?

முதலில் பேரனுக்காக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு பழைய கடிதங்களை வரிசையாக எடுத்து வாசித்தேன். துப்புத் தேட இந்த விளையாட்டு பழக்கிவிட்டதே. டிசம்பரில் பல் செட் மேல் வரிசையில் இருந்தது, பிப்ரவரியில் கீழே இறங்கிவிட்டது. மூட்டுவலி இடது காலிலிருந்து வலது காலுக்குக் குடிபோனது. நவம்பரில் பேரன்கள் மூன்று பேர், இப்போது ஐந்து.

உன் முழங்காலுக்காக, நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு ஓட்டுநரிடம் பயிற்சி கேட்டு, பன்னிரண்டு வரி எழுதி அனுப்பினேன். “செய்தேன் மகளே, இப்போது நடனமே ஆடுகிறேன்” என்று பதில் போட்டாய். நான் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தேன், தெரியுமா?

என் ஆறு வயது மகளுக்கு உன் கடிதங்களை அந்தச் சளிக் குரலிலேயே வாசித்துக் காட்டுவேன். ‘மூக்குத் தாத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறாள். தாத்தா கடிதம் வந்தாச்சா என்று தினமும் கேட்கிறாள். அவளிடம் என்ன சொல்ல?

ஆறு கதவு திறந்தோம். அதில் நாலு உன் மூளை, மறுக்க மாட்டேன். இனிமேல் படத்தை மட்டும் எழுது. நான் யாருடைய உடல்நலத்தையும் விசாரிப்பதாக இல்லை.

குடை


மார்ச் 20

குடை அக்கா,

(‘மகளே’ என்று கூப்பிட்டதற்கு முதல் மன்னிப்பு இந்த அடைப்புக்குள் இருக்கிறது. மீதி வெளியே வருகிறது.)

வயது பதினைந்து. முழங்கால் இரண்டும் நலம். பல் எல்லாம் சொந்தப் பல். ஐந்து பேரன்களும் பிறக்க இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என்னைக் கிழவர் என்று முதலில் முடிவு கட்டியது யார்? நாற்காலியைப் போட்டு “உட்காருங்கள் ஐயா” என்றது நீங்கள். நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எதனால் அப்படித் தோன்றியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எழுந்திருக்க மனசு வரவில்லை. அதுதான் நிஜம். பள்ளியில் போன வருடம் தலைமையாசிரியர் அறைப் பலகையையும் விலங்கியல் ஆய்வகப் பலகையையும் மாற்றி மாட்டினேன். பார்வையிட வந்த அதிகாரி, “மாதிரிகள் எங்கே?” என்று கேட்டபடி தலைமையாசிரியர் அறைக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து நான் வயிற்றுவலி என்றால்கூட, “இதில் என்ன வில்லங்கம்?” என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் ஒருத்தர்தான் என் வலிக்குப் பன்னிரண்டு வரி எழுதினீர்கள். அதுவும் இல்லாத வலிக்கு. வாசித்தபோது வெட்கமாக இருந்தது. கூடவே நன்றாகவும் இருந்தது.

சரி, படம். மூடிய கதவு. முன்னால் ஏழு பேர், நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். ஒருவர் தோளில் தோல்பை. ஒரு சிறுமி கையில் பந்து. ஒரு பெண் காய்கறிக் கூடையோடு. ஒருவர் ஏணியோடு. ஒருவர் மழையில் தொப்பலாக நனைந்து. ஒருவர் ஊன்றுகோலில். கடைசி ஆள் வெறுங்கையோடு. சொற்கள் என்ன?

(கீழே இறங்கிய) கொக்கி


மார்ச் 26

கொக்கி,

சொற்கள் ஏழு வரி. ஒவ்வொரு வரியிலும் உள்ளே இருந்து ஒரு குரல்: “யாரது?” பிறகு கறுப்பு மை பூசி மறைத்த ஒரு சொல். பிறகு, “ஓ, வா வா.” மறைத்த ஏழு கட்டமும் ஒரே அளவு.

தபால்காரர், காய்கறிக்காரி, மின் பணியாளர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். காவலன் ஒரே பதிலைத்தான் சொல்கிறான்: “அப்படி யாரும் சொல்வதில்லை.”

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நான் ஒரு பெரிய பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த மேடையில் எந்த வண்டி புறப்படுகிறது என்று ஒன்பது வருடமாக மைக்கில் சொல்லிவருபவள். என் குரல்நாணில் மிளகு அளவு ஒரு முடிச்சு இருக்கிறது. ஏப்ரல் 9, வியாழக்கிழமை எடுக்கிறார்கள். அதன் பிறகு இரண்டு வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. “குரல் திரும்ப வரும். இதே குரல்தான் வரும் என்று என்னால் சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

காவலன் கேட்கப்போவது நவம்பர் மாதத்துக் குரலை. வியாழனுக்குப் பிறகு அது என்னிடம் இல்லாமல் போகலாம். ஒன்பது வருடம் இந்தக் குரல் ஊரையெல்லாம் வழியனுப்பியிருக்கிறது. போவதற்கு முன் எனக்கென்று ஒரே ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போகட்டும். வேறு ஆசை இல்லை. 9ஆம் தேதிக்குள் முடிக்க உதவு.

குடை


மார்ச் 27

அக்கா!

எழுந்து நின்று கைதட்டினேன். தங்கை ஓடி வந்து, “கொசுவா?” என்று கேட்டாள்.

என் மூட்டுவலிக்கு உங்கள் தொண்டைவலி. பழிக்குப் பழி, வலிக்கு வலி! அதிலும் அந்த ‘மிளகு அளவு’ இருக்கிறதே. சும்மா ‘சின்ன முடிச்சு’ என்று எழுதியிருந்தால் உடனே பிடித்திருப்பேன். குரலைச் சோதிக்கிற காவலன், குரல் போகப்போகிற அறிவிப்பாளர். இவ்வளவு பொருத்தமாக நிஜம் எப்போதாவது கதை கட்டியிருக்கிறதா?

ஆனாலும் நீங்கள் வெறுமனே பொய் சொல்கிற ஆள் இல்லை. உள்ளே துப்பு வைத்திருக்கிறீர்கள் என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். ஒன்பது வருடம், ஒன்பதாம் தேதி. ஒன்பதைத் தலைகீழாக நிறுத்தினால் ஆறு. மகளுக்கு வயது ஆறு, திறந்த கதவு ஆறு! காய்கறிக் கூடையில் மிளகு இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கத்தரிக்காயும் ஒரு புள்ளியும் தெரிகின்றன. அந்தப் புள்ளியா?

என் பங்குக்கு: வரும் புதன்கிழமை எனக்கு மூளையை எடுக்கிறார்கள். கடுகு அளவு. “அதை எடுத்தால் வித்தியாசம் தெரியாது” என்கிறார் டாக்டர்.

உங்கள் ரசிகன்,
கொக்கி


ஏப்ரல் 2

கொக்கிக்கு,

ஒன்பது ஒன்பதுதான். மிளகு மிளகுதான்.

நேற்று மைக்கில் பேசும்போது பாதி வரியில் குரல் நின்றுவிட்டது. எட்டாம் மேடைக்குப் போக வேண்டியவர்கள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மைக்கை வாங்கி மீதியைச் சொன்னார்.

நாலு மாதம் நீ சொன்ன பொய்யை நான் நம்பினேன். ஒரே ஒரு நாள் நான் சொன்ன உண்மையை உன்னால் நம்ப முடியவில்லை.

குடை


ஏப்ரல் 3

அக்கா,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு எதுவும் ஒளித்து வைக்கவில்லை. தேட வேண்டாம்.

புலி வருது, புலி வருது என்று ஊரைக் கூட்டுகிற ஆள் நான். நீங்கள் நிஜப் புலியைக் காட்டினீர்கள். நான் அதன் வாலை இழுத்து, “தைத்த இடம் எங்கே?” என்று பார்த்திருக்கிறேன். எட்டாம் மேடை ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. திரும்பத் திரும்ப அதையே வாசித்தேன்.

இன்னும் ஆறு நாள். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டேன். பல் விளக்கும்போதுகூட அந்த ஏழு முதுகும் கண் முன்னால்தான். கண்டுபிடித்துவிடுவேன் என்று சத்தியம் செய்யலாம்தான், ஆனால் என் சத்தியத்துக்கு என்ன மரியாதை? அதனால் வேலையைப் பார்க்கிறேன்.

கொக்கி


ஏப்ரல் 5

அக்கா அக்கா அக்கா,

கிடைத்துவிட்டது! கிடைத்த இடம் எங்கள் வீட்டு வாசல். நான் வெளியே, அம்மா உள்ளே, நடுவில் தாழ்ப்பாள்.

கடைக்குப் போய் பல்பு வாங்கிக்கொண்டு வந்தேன். கதவைத் தட்டினேன்.

“யாரது?”

“நான்தான்.”

“எந்த நான்?”

“நான்தாம்மா!”

“அவர் வேலைக்குப் போயிருக்காருங்க. சாயங்காலமா வாங்க.”

பெற்ற தாய்! ‘ங்க’ போட்டு! கையில் பல்போடு நான் அப்படியே நின்றேன். பல்பு மாட்டாமலே எரிந்தது.

பை வைத்திருக்கிறவர் தபால்காரர் என்று யார் நமக்குச் சொன்னது? கூடை வைத்திருந்தால் காய்கறிக்காரியா? நாம்தான் கையில் இருந்ததைப் பார்த்து ஆளை முடிவு செய்தோம். அவர்கள் எதையும் விற்க வரவில்லை. ஏழு பேரும் வீடு திரும்புகிறவர்கள். தன் வீட்டுக் கதவைத் தட்டி, “யாரது?” என்று கேட்டால், உலகத்தில் எவராவது பெயரைச் சொல்கிறாரா? ஏழு கட்டமும் ஒரே அளவு, ஏனென்றால் ஏழிலும் ஒரே சொல். “நான்தான்!”

ஓடுங்கள். இப்போதே காவலனிடம் சொல்லுங்கள். இன்னும் நாலு நாள் இருக்கிறது.

கொக்கி


ஏப்ரல் 6

தம்பி கொக்கி,

மதிய இடைவேளையில் அறிவிப்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். “யாரது?” என்றான். ஒன்பது வருடமாக ஒலிபெருக்கியில் பேசுகிறேன், என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. “நான்தான்” என்றேன். சற்றே கரகரத்தது. பயந்துவிட்டேன். காவலன் யோசித்தான். பிறகு, “ஓ, வா வா.”

என் பக்கம் பச்சை விளக்கு எரிகிறது. ஏழு நாள் எரியுமாம். 13ஆம் தேதிக்குள் நீயும் சொன்னால் கதவு திறக்கும். இல்லையென்றால் விளக்கு அணைந்து, இருவரும் மறுபடி சொல்ல வேண்டும். மறுபடி என்பது எனக்கு இல்லை, உனக்குத் தெரியும்.

என் மகளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். “மூக்குத் தாத்தாவுக்குப் பதினஞ்சு வயசாம்” என்றேன். “பரவால்ல, தாத்தாவாகவே இருக்கட்டும்” என்றாள்.

விடையைக் கண்டுபிடித்தவன் நீ. உன் பக்க விளக்கு ஏன் இன்னும் எரியவில்லை?

குடை அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

ஐந்தாம் தேதியே சொன்னேன். இன்று வரை நாற்பத்திரண்டு தடவை. காவலன் சொல்வது: “உங்களைத் தெரியவில்லை.” அவனும் ‘ங்க’ போடுகிறான்.

ஜனவரியில் என் குரல் உடைந்துவிட்டது. ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கிறவன் ஒருத்தன், நடுவில் கோழி, முடிக்கிறவர் யாரோ மாமா. வகுப்பில் ஒரு பத்தி வாசித்தேன். நான் வேண்டுமென்றே செய்வதாக நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் வேண்டுமென்றே செய்ததுபோல் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்கப்புறம் கையைத் தூக்குவதில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. கடிதத்தில் குரல் தெரியாதே, அது வசதியாக இருந்தது.

நவம்பரில் பதினேழு தடவை பதிவு செய்தேன். ஆடு, ரயில், இன்னும் என்னென்னவோ. கடைசியாக ஒரு தடவை ஒழுங்காக, நல்ல பிள்ளையாகப் பேசினேன். அந்த நல்ல பிள்ளைக் குரல் இப்போது இல்லை. தங்கையைச் சொல்ல வைத்தும் பார்த்தேன். காவலன் ஏமாறவில்லை.

உங்கள் குரல் நாளைக்குப் போகலாம் என்று பயப்படுகிறீர்கள். என் குரல் ஏற்கெனவே போய்விட்டது. அதில் உங்கள் கதவும் மாட்டிக்கொண்டது.

நாளைக்கு நல்லபடியாக நடக்கட்டும். கதவு கிடக்கிறது.

கொக்கி


ஏப்ரல் 11

அன்புள்ள கொக்கி,

நல்லபடியாக நடந்தது. மிளகை எடுத்துவிட்டார்கள். பேசக் கூடாது என்பதால் கழுத்தில் ஒரு சிலேட்டு. என் மகளுக்கு ஏக மகிழ்ச்சி. நான் திட்டை எழுதி முடிப்பதற்குள் ஓடிவிடுகிறாள்.

படுத்தபடியே உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். ‘பதினேழு தடவை’ என்ற இடத்தில் சிலேட்டில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டேன்.

நீ விதிகளைப் படிக்கவே இல்லை, அப்படித்தானே? எட்டாம் விதி: “எத்தனை முறை பேசினாலும், முதல் பதிவே சாவி.”

உன்னை எதனால் கிழவர் என்று நினைத்தேன் என்று மார்ச்சில் கேட்டாய். கோபத்தில் பதில் சொல்லாமல் விட்டேன். உன் குரலைக் கேட்டுத்தானடா! இணையாகச் சேர்ந்ததும் ஒருவர் பதிவை மற்றவருக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்கி நடுங்கிப் பேசிய ஒரு கிழவர். சளி பிடித்த எழுபது வயது. என் மகள் ஐந்து மாதமாகச் சிரிப்பது அந்தக் குரலுக்குத்தான். உன் முதல் பதிவு அதுதான், நல்ல பிள்ளை இல்லை.

நிஜக் குரல் உடையலாம் தம்பி. பொய்க் குரல் எப்படி உடையும்? அது உன் சொந்தச் சரக்கு. பிடி மூக்கை.

13ஆம் தேதி விளக்கு அணையும்.

குடை அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

குளியலறையில் நின்றுகொண்டு மூக்கைப் பிடித்தேன். முதல் தடவை கோழி குறுக்கே வந்தது. இரண்டாவது தடவை தங்கை கதவைத் தட்டி, “உள்ள யாரு செத்துட்டிருக்கறது?” என்றாள். மூன்றாவது தடவை தாத்தா வந்தார். அதே தாத்தா, மூட்டுவலியோடு!

“யாரது?”

“நாந்... தான்.”

“ஓ, வா வா.”

திறந்துவிட்டது, அக்கா. திறந்தேவிட்டது.

உள்ளே புதையல் கிடையாது. ஒரு காலி அறை, ஒரு நாற்காலி, ஒரு பட்டன். அழுத்தினால், நமக்கு முன்னால் இந்தக் கதவைத் திறந்த ஒவ்வொரு ஜோடியும் சொன்ன “நான்தான்” வரிசையாக வருகிறது. அறுபத்து மூன்று ஜோடி. ஒருத்தர்கூடப் பெயர் சொல்லவில்லை, ஆனாலும் ஒவ்வொருவரும் வேறு வேறு ஆள் என்று தெரிகிறது. கடைசியில் பெட்டி 41. முதலில் நீங்கள். அப்புறம் தாத்தா.

ஒரு குட்டை உடைக்கிறேன். நவம்பரில் உங்கள் பதிவை நான் கேட்கவில்லை, அவசரத்தில் தாண்டிவிட்டேன். உங்கள் குரலை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டவனிடம், “பரவாயில்லை, அடுத்தது இருக்கு” என்று சொல்கிற மாதிரிக் குரல். ஒன்பது தடவை கேட்டேன். ஒன்பது என்றால் ஒன்பதுதான்.

அது இனி அங்கேயே இருக்கும், யாரும் எடுக்க முடியாது. பெட்டியில் இனி குரலும் அனுப்பலாமாம், ஒரு பட்டன் முளைத்திருக்கிறது. உங்களுக்கு எப்போது பேச அனுமதி?

இன்று ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பில் கையைத் தூக்கினேன். கோழி வந்தது. வரட்டும்.

கொக்கி


ஏப்ரல் 24

அன்புள்ள கொக்கி,

இன்று அனுமதி கிடைத்தது. முதல் நாளில் ஐந்தே ஐந்து சொல் என்று எச்சரித்து அனுப்பினார் டாக்டர். அவர் முன்னால் நான் “ஆ” மட்டும் காட்டினேன். அது சொல் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். மைக்கைப் பற்றி மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினேன். மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் என் அண்ணி உள்ளே அடுப்படியில் இருந்தார். ஓடி வந்தது என் மகள்.

“யாரது?”

“நான்தான்.”

எனக்கே தெரியாத ஒரு பெண் பேசினாள். தடித்த, தாழ்ந்த, உன் அம்மா கேட்டால் ‘ங்க’ போட்டிருக்கக்கூடிய அந்நியக் குரல். உள்ளே காலடிச் சத்தம் நின்றுவிட்டது. அறிமுகம் இல்லாதவர்களுக்குத் திறக்காதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

“எந்த நான்?”

நாலு சொல் மீதி. சிலேட்டில் எழுதிக் கதவு வழியாகக் காட்ட முடியாது. ‘அம்மா’ என்று சொல்லலாம், ஆனால் அந்தக் குரலில் யார் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள். அப்போதுதான் என் கை தானாக மூக்குக்குப் போனது. டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

“மூக்குத் தாத்தா வந்திருக்கேன்.”

தாழ்ப்பாள் திறந்த சத்தம் அண்ணிக்குக்கூடக் கேட்டதாம். “அம்மா!” என்று இடுப்பில் வந்து மோதினாள். குரல் மாறிவிட்டதே என்று அவள் கேட்கவே இல்லை. தாத்தா மாறவில்லையே.

கணக்குப் போட்டுப் பார், பரீட்சைக்காரா. ஐந்தில் நாலு செலவு. மீதி ஒன்றை உனக்காகச் சேமித்து, புதுக் குரலிலேயே பதிந்து, இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச்சிலிருந்து என் தொண்டையில் நின்றுகொண்டிருந்த சொல். கேட்டுவிட்டு, “எந்த அக்கா?” என்று மட்டும் கேட்காதே.

“டேய்!”

குடை அக்கா